ஒரு விரற்கடை உயரம்

எனக்கு வயிற்றெரிச்சல் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். ஒரே கூரைக்குக் கீழே, நடுவில் ஒரு மண்சுவரை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே மாதத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்து, அதில் ஒன்று சோளத்தட்டை மாதிரி கிடுகிடுவென்று வளர்ந்து நிற்க, இன்னொன்று வைத்த இடத்திலேயே நின்றுவிட்டால், நின்றுபோனதைப் பெற்றவளுக்கு வயிறு எரியாமல் குளுகுளுவென்றா இருக்கும்? எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

நின்றுபோனது என் மகள் தமிழரசி. வளர்ந்தது பூங்கொடி, என் கொழுந்தன் குணசீலனுடைய மகள். அவளைப் பெற்றவள் கலைவாணி, எனக்கு ஓர்ப்படி. பிள்ளைகள் இரண்டுக்கும் பத்து வயது. இரண்டும் ஐந்தாம் வகுப்பு, ஒரே பெஞ்சு. இதில் மூத்தது என் மகள்தான். அவள் பிறந்த தீட்டுக் கழிவதற்குள் அந்தப் பக்கம் பூங்கொடி பிறந்துவிட்டாள். ஆனால் இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

போன கோடையில் நாங்கள் நாலு பேரும் புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். எதிரில் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளை பூங்கொடியைப் பார்த்தாள், என் மகளைப் பார்த்தாள்.

“அக்காவும் தங்கச்சியுமா? சின்னது ஒண்ணாவது படிக்குதா?” என்றாள்.

“அது அஞ்சாவது போவப்போவுது. அதுதான் மூத்தது” என்றேன்.

“அடி ஆத்தி!” என்று அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். கலைவாணி சிரித்தாள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். அதற்கு அவள் சிரித்தே இருக்கலாம்.

பள்ளிக்கூடம் திறந்ததும் ஆஸ்பத்திரி வேன் மேலே வந்தது. பிள்ளைகளுக்கு எடை பார்க்கிறார்கள், பெற்றவர்களும் வரவேண்டும் என்று வாத்தியார் சொல்லி அனுப்பியிருந்தார். சுவரில் கோடு போட்ட பட்டை ஒன்றை ஒட்டி, அதில் ஒவ்வொரு பிள்ளையாக முதுகு சாய்த்து நிற்கவைத்தார்கள். பூங்கொடி போய் நின்றாள், வந்தாள். நர்சம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் மகள் போய் நின்றதும் அந்தம்மா குனிந்து ஒரு தடவை பார்த்து, நிமிர்ந்து என்னையும் பார்த்தாள்.

“ஏம்மா, இதுக்கு நெஜமாவே பத்து வயசா?”

“நான்தான் பெத்தேன். எனக்குத் தெரியாதா?”

“கோச்சிக்காதீங்க. ஏழு வயசுப் புள்ள ஒசரம்தான் இருக்கு. ரத்தமும் கம்மி. கைக்குழந்தையா இருந்தப்பவே சத்து பத்தாம போயிருக்கு. இனிமேலாவது வுடாம குடுக்கணும். பருப்பு, கடலை, கீரை, முட்டை. வூட்ல முடியலைன்னாலும் இங்க போடற முட்டைய ஒரு நாளும் வுடக்கூடாது. வயசுக்கு வந்துட்டா ஒசரம் நின்னுடும்மா. இன்னும் ரெண்டு மூணு வருஷம்தான் கையில இருக்கு.”

இதை அந்தம்மா மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பின்னால் வரிசையில் நின்ற கலைவாணிக்குக் கேட்டிருக்கும். அந்த நினைப்பிலேயே எனக்கு முகம் காந்தியது.

கைக்குழந்தையாக இருந்தபோது என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லவேண்டாம். தமிழரசி தத்தித் தத்தி நடக்கிற வயசில் அவளைத் தூக்கிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரர் சிங்காரமும் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனோம். மலையில் அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சாமை பாதிக்கு மேல் பதராகப் போனது. குடகில் காலையிலும் கஞ்சி, ராத்திரியிலும் கஞ்சி. காப்பிச் செடிக்கு அடியில் சாக்கை விரித்து அவளைப் படுக்கவைத்துவிட்டு வேலை பார்ப்பேன். ஓயாமல் பேதியாகும். கலைவாணிக்கு அந்த வேலையெல்லாம் இல்லை. அவள் புருஷன் ஜீப் ஓட்டுகிறான். அவள் வீட்டில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பருப்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அந்த ஜீப் சத்தம் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அதெல்லாம் பழைய கதை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஊருக்குத் திரும்பி வருஷம் பல ஆகிவிட்டது. இப்போது இரண்டும் ஒரே களிதானே தின்கின்றன? சுவருக்கு மேலே இருக்கிற இடைவெளியில் அந்தப் பக்கத்துக் குழம்பு வாசனை இந்தப் பக்கம் வரும். என்னதான் போடுகிறாள் என்று மூக்கைத் தீட்டிக்கொண்டு பல நாள் காத்திருந்தேன். அவள் வீட்டிலும் கேழ்வரகுக் களி, கொள்ளுக் குழம்பு, கீரைதான். பள்ளிக்கூடத்தில் இரண்டுக்கும் ஒரே சோறு, ஆளுக்கொரு முட்டை. அப்புறம் எப்படி ஒன்று வளர்கிறது, ஒன்று வளரவில்லை? சாப்பாடு ஒன்று, காற்று ஒன்று, தண்ணீர் ஒன்று. வேறாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். அது கலைவாணியின் கண் என்று நான் முடிவு செய்தேன்.

மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டுப் பார்த்தேன். நெடியே வரவில்லை. அவ்வளவு மிளகாய்க்கும் ஒரு தும்மல் இல்லை என்றால், கண் பட்டிருக்கிறது என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

சாட்சி தானாகவே வீடு தேடி வந்தது. ஆடி பிறந்த வாரம், கலைவாணி கையில் ஒரு துணியோடு என் வாசலில் நின்றாள். முந்தின தீபாவளிக்குப் பூங்கொடிக்கு எடுத்த பாவாடை சட்டை. பச்சை நிறம், ஓரத்தில் ஜரிகை.

“அக்கா, இது அவளுக்குப் பத்தல. கிழியக்கூட இல்ல, புதுசு மாதிரியே கீது. தமிழுக்குப் போடலாம்னு எட்த்தாந்தேன்.”

நான் வாய் திறப்பதற்குள் தமிழரசி ஓடிவந்து அதை வாங்கி உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. பூரிப்போடு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

“அட, கரெக்டா கீதே! அடுத்த வருஷத்துக்கும் வரும் போலக்கா” என்றாள் கலைவாணி.

அடுத்த வருஷத்துக்கும் வருமாம்! அடுத்த வருஷமும் என் மகள் இதே அளவில் நிற்பாள் என்று இவளுக்கு யார் எழுதிக் கொடுத்தது? உலகத்தில் மூத்தவள் போட்டுக் கழித்ததை இளையவள் போடுவாள். என் வீட்டில் மட்டும் இளையவள் கழித்ததை மூத்தவள் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடுகிறாள். கலைவாணி போன பிறகு அந்தச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். அவள் கழற்றமாட்டேன் என்று அழுதாள். முதுகில் இரண்டு போட்டுக் கழற்றினேன்.

அந்த வெள்ளிக்கிழமை பாறைமேல் இருக்கிற ஆத்தா கோயிலுக்குத் தனியாகப் போனேன். மஞ்சள் துணியில் காசு முடிந்து வேப்பமரத்தில் கட்டினேன். “ஆத்தா, எம்மவ அந்தப் பூங்கொடிய ஒரு விரக்கடையாவது தாண்டி நிக்கணும். அது வரைக்கும் எம்மவ வாயில கவுச்சி படாது” என்று வேண்டிக்கொண்டேன்.

கவுச்சியை நான் விடுவதற்குப் பதிலாக ஏன் பிள்ளையை விடச் சொன்னேன் என்று கேட்கலாம். கேட்பது அவளுக்காக. விரதமும் அவள் இருந்தால்தானே ஆத்தா இரங்குவாள்? நாங்கள் கறி தின்பது திருவிழாவுக்கு, பொங்கலுக்கு. கோழி இடுகிற முட்டையும் அடைவைப்பதற்கும் சந்தைக்கும் போய்விடும். கவுச்சி என்று தினமும் அவள் வாயில் படுவது பள்ளிக்கூடத்து முட்டை ஒன்றுதான். நர்சம்மா சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் அந்த முட்டையைத் தின்று என் மகள் என்ன வளர்ந்துவிட்டாள்? அவளிடம் இருப்பதிலேயே நல்லது எதுவோ அதைத்தானே சாமிக்கு விடவேண்டும்? என்னிடம் இருப்பதை விட்டால் பச்சை மிளகாயைத்தான் விடவேண்டும்.

வீட்டுக்கு வந்து தமிழரசியைப் பின்கட்டில் உட்காரவைத்துச் சொன்னேன்.

“முட்டை கூடவாம்மா?” என்றாள்.

“முட்டை கூடத்தான். அதுவும் கவுச்சிதான்.”

“ஆயாம்மா தட்டுல வெச்சிட்டா?”

“வெச்சா வெக்கட்டும். நீ தின்னாத. ஆனா வேண்டுதல்னு யாராண்டயும் மூச்சு வுடக்கூடாது. வெளிய சொன்னா பலிக்காது. ஒங்கப்பனாண்ட கூடச் சொல்லாத.”

“எவ்ளோ நாளும்மா?”

“அவள நீ தாண்டற வரைக்கும்.”

அவள் நடுச்சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் பூங்கொடி எதற்கோ கத்திக்கொண்டிருந்தாள். “அப்போ நான் சீக்கிரம் வளந்துடறேம்மா” என்றாள்.

அந்த முட்டை எங்கே போகிறது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. நாய்க்குப் போட்டால் என்ன, காக்கைக்குப் போட்டால் என்ன? என் மகள் வாயில் படாமல் இருந்தால் சரி என்று இருந்துவிட்டேன்.

பின்வாசல் நிலையில் கரியால் ஒரு கோடு போட்டேன். அமாவாசைக்கு அமாவாசை அவளை அங்கே நிற்கவைப்பேன். குதிகாலைத் தூக்குவாள். “ஏமாத்தாதடி” என்று தலையில் அழுத்துவேன். கோடு அதே கோடுதான். பூங்கொடிக்கு நான் கோடு போடவேண்டியதே இல்லை. என் வீட்டு வாசல் நிலை தாழ்வு. சாமை அறுப்பின்போது அவள் நிமிர்ந்தபடி உள்ளே வந்தாள். பொங்கலுக்குக் குனிந்து வந்தாள். குனிந்து வந்து “பெரிம்மா, தமிழ் கீறாளா?” என்பாள். அந்தக் கன்னத்தில் ஒரு மினுமினுப்பு வந்திருந்தது. எண்ணெய் தடவிய கலயம் மாதிரி இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மினுமினுப்பு எங்கிருந்தடி வந்தது என்று எனக்குள் குமைந்துகொண்டு கிடப்பேன்.

என் மகளோ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாயைத் தேடினாள். நொண்டி விளையாடப் போவதில்லை. ஆட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் ஆட்டுக்குப் பக்கத்திலேயே தூங்கிப்போவாள். தலைமயிர் செம்பட்டை அடித்து, சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. மாட்டுப் பொங்கலன்று ஊரில் கறிப் பங்கு போட்டபோது, குழம்புச் சட்டியை விட்டு அவள் கண் நகரவில்லை. ஆனால் வாய் திறந்து கேட்கவில்லை.

“இன்னாடி, புள்ளைக்குக் கறி போடல?” என்றார் என் வீட்டுக்காரர்.

“அதுக்கு வவுறு சரியில்ல. நீங்க தின்னுங்க.”

“இன்னாம்மா, வவுறு வலிக்குதா?” என்று அவர் அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வலிக்கிறது என்று தலையாட்டினாள். ஆத்தா சோதிக்கிறாள், நல்லது வருவதற்கு முன்னால் இப்படித்தான் சோதிப்பாள் என்று நான் என்னையே தேற்றிக்கொண்டேன்.

மாசியில், புளி உலுக்கி ஊரெல்லாம் ஓடு தட்டிக்கொண்டிருந்தபோது, வேன் மறுபடி வந்தது. கையெல்லாம் புளிப் பிசுக்கோடு நானும் போனேன், கலைவாணியும் வந்தாள். அதே சுவர், அதே பட்டை, அதே நர்சம்மா. பூங்கொடி போய் நின்றாள்.

“சூப்பர்! போன தடவைக்கு எவ்ளோ நல்லா வளந்திருக்கு. இன்னாம்மா குடுக்கறீங்க?” என்று நர்சம்மா கலைவாணியைக் கேட்டாள்.

“எல்லாரும் குடுக்கறதுதாங்க” என்று கலைவாணி நெளிந்தாள். அந்த நெளிசலைப் பார்க்கவேண்டுமே!

அடுத்து என் மகள். பட்டையில் நிற்கவைத்தார்கள். எடை பார்க்கிற மிஷினில் ஏற்றினார்கள், இறக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள். நர்சம்மா அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“ஒசரம் ஏறவே இல்ல. எடை இன்னும் கொறஞ்சிருக்கு. கண்ணு வெளுத்துப்போய்க் கெடக்கு. நான் அவ்ளோ சொன்னேனே, இன்னாம்மா பண்ணீங்க?”

“நான் இன்னாங்க பண்ணேன்? அந்தப் பொண்ணு திங்கறதத்தான் இதுவும் திங்குது. கூடவே ஒக்காந்து கண்ணு வெச்சா எந்தப் புள்ள வளரும்?” என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன். கலைவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் போயிருக்கவேண்டும். கோபத்தில் கால் நகராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆயாம்மா சோறு போட்டுக்கொண்டு வந்தாள், பின்னாலேயே ஆளுக்கொரு முட்டை வைத்துக்கொண்டு போனாள்.

தமிழரசி முட்டையை எடுத்துத் தட்டு விளிம்பில் தட்டினாள். நகம் படாமல் ஓடு முழுவதையும் அழகாக உரித்தாள். பக்கத்தில் பார்க்காமலே கையை நீட்டினாள். பூங்கொடியும் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே தன் தட்டில் சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கி இடம் விட்டாள். முட்டை அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது.

அந்த இடம் விட்டதுதான் என்னைக் கொன்றது. ஒரு நாள் இரண்டு நாள் பழக்கத்தில் அப்படிக் கை போகாது.

எப்படிப் போனேன் என்று தெரியாது. பூங்கொடியின் கையைப் பிடித்துத் தூக்கினேன். தட்டு கவிழ்ந்து முட்டை தரையில் உருண்டது.

“திருட்டுக் கழுதை! எம்பொண்ணு முட்டையத் தின்னுதான் இப்டி வளந்தியா? எத்தினி நாளா நடக்குது இது?”

அவள் வீறிட்டாள். “நான் கேக்கல பெரிம்மா! அவதான் தர்றா. முட்டை புடிக்கலன்னா. வேணாம்னாக்கூட, ‘வாங்கிக்கோ, ஆயாம்மா பாத்துடுவாங்க’ன்னு தெனமும் அவளேதான் உரிச்சி வெக்கறா.”

கலைவாணி ஓடிவந்து என் கையை உதறினாள். “வுடுக்கா கையை! எம்பொண்ணு திருடியா? ஒம்பொண்ணு மொத மார்க் வாங்குது, எம்பொண்ணுக்குத் தமிழ்ப் புஸ்தகத்த எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருது. அதுக்கு நான் எத்தினி நாளு வவுறு எரிஞ்சிருப்பேன்? ஒரு நாளாவது ஒம்பொண்ணு கையப் புடிச்சி முறுக்கினேனா?”

எனக்கு அது காதில் விழுந்தது, ஆனால் ஏறவில்லை. என் பிடியிலிருந்து பூங்கொடி இழுத்துக்கொண்ட அந்தக் கையையே பார்த்தேன். நீளமான, உருண்டு திரண்ட கை. ஆடி, ஆவணி, புரட்டாசி என்று மாசி வரைக்கும் என் மகளுக்குச் சேரவேண்டிய முட்டையெல்லாம் அந்தக் கையில் இருந்தது. நான் பார்த்துப் பார்த்துக் குமைந்த அந்தக் கன்னத்து மினுமினுப்பில் இருந்தது. என் வயிற்றெரிச்சலே அவளுக்கு வேளை தவறாமல் தீனி போட்டிருக்கிறது. இதற்கு நான் யாரைப் போய்த் திட்டுவேன்?

வாத்தியாரும் நர்சம்மாவும் வந்துவிட்டார்கள். நர்சம்மா குனிந்து தமிழரசியின் தோளைத் தொட்டாள்.

“ஏன் கண்ணு, முட்டை புடிக்கலையா?”

தமிழரசி என்னைப் பார்த்தாள். மாட்டுப் பொங்கலன்று பார்த்தாளே, அதே பார்வை.

“புடிக்கலங்க” என்றாள்.

“தின்னா வாந்தி வருதா?”

“வருதுங்க.”

“சரி, அப்போ நாங்க வேற ஏதாவது எழுதித் தரலாமான்னு டாக்டராண்ட கேக்கறோம்” என்று நர்சம்மா வாத்தியாரிடம் சொன்னாள். ஆயாம்மா, “புடிக்காத புள்ளைக்கு ஏன் வெக்கணும், நாளையிலேர்ந்து அதுக்கு வெக்கலங்க” என்றாள்.

என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். என் வேண்டுதலைக் காப்பாற்ற, தின்ன ஆசையாய் இருக்கிற ஒன்றை எல்லார் முன்னாலும் பிடிக்காது என்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், யாருக்கும் தெரியாது. கலைவாணி முன்னால் தலைகுனியவேண்டாம். நாளையிலிருந்து முட்டையும் தட்டுக்கு வராது.

“பொய்யி!” என்று கத்திவிட்டேன். “அதுக்கு முட்டைன்னா உசுரு. நான்தான் திங்காதன்னேன்.”

தமிழரசி பாய்ந்து வந்து என் வாயைப் பொத்த எம்பினாள். அவள் கை என் கழுத்து வரைக்கும்தான் எட்டியது. “அம்மா! சொல்லாதம்மா! சொல்லாத!”

“வேண்டுதலு. ஆத்தாவுக்கு வேண்டிக்கினேன்” என்றேன்.

“இன்னா வேண்டுதல்?” என்றார் வாத்தியார்.

“இவ பொண்ண எம்பொண்ணு தாண்டணும்னு.” கலைவாணியைக் கை காட்டினேன். “தாண்டற வரைக்கும் கவுச்சி தொடமாட்டான்னு.”

தாழ்வாரத்தில் ஒரு பிள்ளைகூட மெல்லவில்லை. தமிழரசி மட்டும் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

“சொல்லிட்டியேம்மா. இனிமே பலிக்காதே. இவ்ளோ நாளு தின்னாம இருந்தேனே, எல்லாம் போச்சே.”

கலைவாணி பூங்கொடியின் கண்ணைத் துடைத்துவிட்டாள். நல்லதாக நாலு வார்த்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டலாம்.

“எம்பொண்ணு வளரக் கூடாதுன்னு வேண்டிக்காம வுட்டியேக்கா, அது வரைக்கும் சரி” என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போனாள்.

அதையும்தான் நினைத்தேன். ஆத்தா முன்னால் நிற்கும்போது வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கிளம்பும்போது நர்சம்மா மாத்திரை கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் நேரம் இருக்கும்மா. இன்னிக்கே ஆரம்பிங்க” என்றாள். திட்டுவாள் என்று நினைத்தவர்கள் யாருமே அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. அதுவும் ஒரு எரிச்சலாகத்தான் இருந்தது.

தமிழரசியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பத்து வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடு ஏறுகிறேன், எனக்கு மூச்சே வாங்கவில்லை. அப்படி இருந்தது அவள் கனம். அந்த மேடு முழுக்க நான் அழுதுகொண்டே ஏறினேன்.

வீட்டில் சந்தைக்கென்று கூடையில் சேர்த்து வைத்திருந்த முட்டையில் ஒன்றை எடுத்து வேகவைத்தேன். உரித்து, உப்புத் தொட்டு, தட்டில் வைத்து அவள் முன்னால் நகர்த்தினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“தின்னு.”

“ஆத்தா?”

“ஆத்தாவாண்ட நான் பேசிக்கறேன். கவுச்சி இனிமே எனக்குத்தான் கெடையாது. நீ தின்னு.”

அவள் தின்னவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பூங்கொடி எதற்கோ சிரித்தாள். பாவி, அதற்குள் சிரிக்கிறாள் என்று எனக்கு மறுபடியும் சுருக்கென்றது.

“அம்மா, நான் ஒண்ணு சொல்வேன், நீ அடிக்கக்கூடாது.”

“அடிக்கல. சொல்லு.”

“முட்டைய உரிச்சி அவ தட்டுல வெச்சப்புறம், கை வாசனையா இருக்கும். நான் அந்தக் கையாலதான் சோறு தின்னுவேன்.”

“சரி.”

“ஒரு தபா முட்டை பிட்டுக்கிச்சி. மஞ்சக் கரு வெரல்ல ஒட்டிக்கிச்சி. தொடச்சிடலாம்னுதான் பாத்தேன்.” கட்டியிருந்த கையை இன்னும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “நக்கிட்டேன்மா. ஒரே ஒரு வாட்டிதான். அதனாலதான் ஆத்தா என்ன வளர வுடலையா?”

முட்டையைப் பிட்டு, மஞ்சள் கருவோடு அவள் வாய்க்குள் திணித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். மீதியைத் தானே எடுத்துத் தின்றாள். தின்று முடித்ததும், மஞ்சள் ஒட்டிய விரல்களைப் பாவாடையில் துடைக்கப் போனாள்.

நான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“வெரல நக்குடி” என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒவ்வொரு விரலாக நக்கினாள்.